அடைத்த கடலுக்குள் மீண்டும் போய்ப் பார்ப்பது

பௌர்ணமி இரவில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்துப் பாடுமீனின் ஓசையைக் கேட்டுவந்த ஊர் எங்களுடையது. ஒளி எட்டாத நீரிலும் ஒலி செல்லும் என்பதை எங்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆழ்கடல் ரோபோக்களும் அதை நம்பியே இயங்குகின்றன. வானொலி அலையும் ஜிபிஎஸ்ஸும் நீருக்குள் எடுபடாதபடியால், அவை ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு கடற்றரையை வரைகின்றன.

மனிதர் இறங்கிப் பார்க்கலாமே என்றால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்திலேயே கிடக்கிறது. அங்கேயே தேர்ந்த சுழியோடிகளுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

ஸ்கொட்லாந்தின் வடமேற்கே, ஏறத்தாழ 1000 மீற்றர் ஆழத்தில், டார்வின் மேடுகள் என்னும் சிறு மணல்மேடுகள் 1998 இல் கண்டறியப்பட்டன. அவற்றின் மேல் குளிர்நீர்ப் பவளங்கள் வளர்கின்றன. கடற்றரையை உரசியபடி இழுக்கப்படும் வலைகளான இழுவைமடிகள் அவற்றை நொறுக்கிவந்ததால், 2003 இல் அங்கே அடித்தள இழுவை தடைசெய்யப்பட்டது. வரைபடத்தில் கோடு போட்டதோடு விட்டுவிடாமல், 2011 இல் ஆட்டோசப் 6000 என்ற தானியங்கி ரோபோவையும், கப்பலிலிருந்து கம்பிவடம் வழியே இயக்கப்படும் இன்னொன்றையும் அனுப்பிப் பார்த்தார்கள். முன்னது மின்கல வலுவில் தனியே ஓடிப் பெரும்பரப்பை அளக்கவல்லது. பின்னது ஓரிடத்தில் நின்று நிதானமாகப் படமெடுக்கும். மேற்கில், அதிகம் சேதப்படாத மேடுகளில், பவளம் உயிரோடிருந்தது. மோசமாகச் சிதைந்த கிழக்கிலோ, எட்டு ஆண்டுகள் கழிந்தும் மீட்சியின் அடையாளமே இல்லை. காவல் போட்டது தவறன்று, காலம் தாழ்த்திப் போட்டதுதான் தவறு என்றே நான் இதை வாசிக்கிறேன்.

இதை அயலிலுள்ள மீனவ மாமா ஒருவரிடம் சொன்னபோது, "களவா இழுக்கிறவன அது பிடிக்குமா தம்பி?" என்று கேட்டார். ரோபோ அவனைப் பிடிக்காது, மடியின் வாயை விரித்துவைக்கும் பலகை தரையில் உழுத தடத்தை, அவன் போன பிறகு காட்டும், அவ்வளவே. இலங்கையில் 2017 இலேயே அடித்தள இழுவை சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது என்றாலும், தடத்தைத் தடமென்று அறிவதற்கு, உழப்படாத தரையின் படம் முதலில் கையில் இருக்கவேண்டும். எங்கள் கரைக்கு அப்பால் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்றரை, ஒடுங்கியது. கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே ஆழம் வந்துவிடும். அந்தச் சரிவின் முதற்படத்தை எடுக்க ஒரு கப்பல் நெடும்பயணம் போகவேண்டியதில்லை.