நாற்றங்காலுக்குக் கிடைத்த வெயில்

இந்த மாதிரி ஒரு வாரம் எல்லா ஐப்பசியிலும் கிடைப்பதில்லை. மேற்கிலிருந்து வீசும் மேகாத்து நின்றுவிட்டது, மழை கொண்டுவரும் கீழ்க்காற்றான கொண்டல் இன்னும் வரவில்லை. காலையில் பொதிகை துலக்கமாகத் தெரிகிறது. பத்து மணிக்கு மேல் உச்சியில் மேகம் கட்டி, சாயங்காலம் கலைந்துவிடுகிறது. வெயில் உண்டு, சுடவில்லை. புரட்டாசிப் புழுக்கத்தில் தார்சாவில்கூட உட்கார முடியாமல் இருந்தது. இப்போது மத்தியானம் பாயை விரித்தால் கண் சொக்குகிறது.

கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், கன்னடியன் கால் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கார் பருவ நெல்லை அறுத்து வைக்கோல் படப்பும் போட்டாச்சு. அடுத்தது பிசானம், ஐப்பசியில் விதைக்கிற நெல் பருவம். இந்த வாரத்தை நான் கொண்டாடுவது நாற்றங்காலுக்காகத்தான்.

விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் மூடி முளைகட்டுகிறோம். வெயில் கடுத்தால் மூட்டைக்குள் சூடேறி முளை அவிந்துபோகும். குளிர்ந்தால் முளைவிடத் தாமதமாகும். இந்தத் தடவை மறுநாள் சாக்கைப் பிரித்தபோதே நெல் முழுக்க வெள்ளை முனை. ஊறின நெல்லின் புளிப்பு வாசம் தொழுவம் வரைக்கும் அடித்தது.

விதைத்த பிறகுதான் பயம். சேற்றில் வேர் பிடிக்க மூன்று நான்கு நாள் வேண்டும். அதற்குள் ஒரு பேய்மழை அடித்தால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். இந்தப் பக்கம் ஐப்பசி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். அதனால் மூன்று மணியானால் என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு மடையில் போய் நின்றுவிடுவார். மழை இறங்கினால் தண்ணீரைக் கட்டிவைக்க வேண்டும். தண்ணீர் நின்றால் துளி நேராக விதைமேல் விழாது. மழை வரவே இல்லை. இன்றைக்கு நாற்று விரற்கடை உயரம் நிற்கிறது.

போட்டிருப்பது அம்பை 16. 1937 முதல் அம்பாசமுத்திரத்தில் இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட குண்டு ரகம். நம் ஆற்றுத் தண்ணீரில் பிறந்த நெல் என்று எனக்கு அதன்மேல் தனிப் பாசம். வேறு ரகம் மாற்றச் சொன்னாலும் மாற்றமாட்டேன்.

ஊரே இந்த வெயிலைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறது. மேலத்தெரு அத்தை உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டார். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற என் தம்பி பெண்டாட்டி போனில், "மதினி, இதை விட்டா அப்புறம் தை மாசந்தான். ராத்திரி பகலா உருட்டுதோம்" என்றாள். வெயில் காந்தினால் அப்பளம் வளைந்து விளிம்பு வெடிக்கும். இந்தப் பதம்தான் அவர்களுக்கும் வேண்டும்.

மழை வேண்டாம் என்று சொல்லவில்லை. 143 அடி பாபநாசம் அணை நிரம்பினால்தான் பிசானம் கடைசிவரை கரையேறும். ஆனால் 2023 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி வந்தபோது நட்டு நின்ற எங்கள் பயிரை மணல் மூடியது. அந்த வருஷம் வயலைத் திருத்தவே மாசி ஆகிவிட்டது. அளவாகப் பெய்யட்டும்.

சரி, நடவு கார்த்திகை முதல் வாரம். நடவுக்கு வருகிற அக்காமாரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். பிந்தினால் கால்வாய் நெடுக எல்லா ஊரும் ஒரே நாளில் கூப்பிடும், ஆள் கிடைக்காது.