தேம்ஸ் கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு

பறவை பார்ப்பதற்கான மரக்குடிலுக்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் தோளைத் தொட்டார். கருவறை முன்னால் பேசுவது போன்ற தாழ்ந்த குரலில், "சீக்கிரம் பாருங்கள்" என்று தன் தொலைநோக்கியை என் பக்கம் திருப்பினார். முகமெல்லாம் பூரிப்பு. ஏதோ அரிய கழுகு என்று எண்ணிக் கண்ணை வைத்தேன். சேற்றில் நின்றது கொக்கு. கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் விரல். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில், சேற்றுழவு நடக்கும்போது பின்னாலேயே நடந்து வரும் அதே சின்ன வெள்ளைக் கொக்கு. சிரிப்பு வந்தது, உடனே தொண்டையும் அடைத்தது.

ரெயின்ஹாம் சதுப்பு நிலம் லண்டனின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. ஈஸ்ட்ஹாமில் இருந்து ரயில் மாறி பர்ஃப்லீட்டில் இறங்கினால், ஆற்றை ஒட்டியே நடந்து போய்விடலாம். நெடுங்காலம் ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் களமாக இருந்த இடம். 2000இல் ஆர்எஸ்பிபி என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கி, 2006இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு பக்கம் தேம்ஸ், மறுபக்கம் அதிவேக ரயில் பாதை, கிழக்கே டார்ட்ஃபோர்டு பாலம். நடுவில் நாணலும் நீரும். குளிர்காலத்தில் கொண்டை வைத்த ஆட்காட்டிகள் கூட்டமாக எழும்பும். நம் ஊர் ஆட்காட்டிக்குச் சொந்தம்தான், ஆனால் இரவில் ஊரையே எழுப்பும் அந்தத் தொண்டை இதற்கு இல்லை.

பெரியவரின் பூரிப்புக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்குகளைக் கொன்று குவித்தார்கள். இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் வளரும் மெல்லிய தூவிதான் வேண்டும். ஆகவே குஞ்சு பொரித்த கூட்டிலேயே தாயைச் சுடுவார்கள். குஞ்சுகள் பட்டினியில் சாகும். உலகெங்கும் இருந்து வந்த இறகுகள் லண்டனில் ஏலம் போயின. இந்தியக் கொக்குகளின் இறகும் அதில் உண்டு. 1902இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. இந்தக் கொலையைப் பொறுக்காமல் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி 1889இல் தொடங்கிய சங்கமே இன்றைய ஆர்எஸ்பிபி. இறகு இறக்குமதிக்குத் தடைச்சட்டம் வர 1921 ஆயிற்று. பிரிட்டனில் அற்றுப்போயிருந்த சின்னக் கொக்கு, ஐரோப்பாவில் இருந்து தானாகவே திரும்பி வந்து, 1996இல் டோர்செட் கரையோரத்து பிரவுன்சி தீவில் கூடு கட்டியது. பெண்கள் கூடிப் போராடிக் காப்பாற்றிய பறவையை அந்தப் பெரியவர் கொண்டாடாமல் யார் கொண்டாடுவது?

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். "கொக்கைப் பார்க்கவாடா ரயில் ஏறிப் போனாய்?" என்று அம்மா சிரித்து ஓயவில்லை.

அம்மாவின் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்று நெஞ்சில் நிற்கிறது. எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் மடையானையும் கொக்கையும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதைச் சிறுவயதில் இருந்து பார்த்திருக்கிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இல்லாமல் போன பிறகு ஏங்கியவர்கள் இவர்கள். நாமோ கண்முன் இருக்கும்போதே தொலைத்துவிடக் கூடாது.

இங்கே வேரூன்றிவிட்டோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். முருங்கைக்காய் முதல் வாழையிலை வரை நடந்துபோய் வாங்கும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் சதுப்பு நிலத்தில் கொக்கு ஒன்று தலைக்கு மேல் பறந்தால், கையுறையைக் கழற்றி நகங்களை உரசிக்கொண்டு பூப் போடச் சொல்லிக் கேட்கிறேன். மகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்ததா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பார்க்கிறாள்.

அவளை உழவு நடக்கும் நாளில் எங்கள் வரப்பில் நிறுத்த வேண்டும். டிக்கெட்டைப் புரட்டாசியில் போடலாமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன். பள்ளி விடுமுறை ஒத்துவரவில்லை என்கிறாள்.