1,200 நிமிடம்: சுங்கை சிப்புட் வாசிப்பு மாத நாட்குறிப்பு

1 ஏப்ரல் 2024, திங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் இந்த மாத வாசிப்புச் சவாலில் எத்தனை புத்தகம் என்ற கேள்வியே கிடையாது. நிமிடக் கணக்குதான். ஆளுக்கு 1,200 நிமிடம், நாளுக்கு 40.

குட்ரீட்ஸ் வாசிப்புத் தளம் 2011இல் தொடங்கிய ஆண்டுச் சவால் புத்தகங்களை எண்ணுகிறது. அப்படி எண்ணினால் டிசம்பரில் எல்லாருக்கும் மெலிந்த புத்தகத்தின் மேல்தான் கண் போகும். 600 பக்க நாவலில் பாதி வந்தவர் கணக்கில் பூஜ்யம். ஸ்டோரிகிராப் செயலியில் பக்கத்தையும் மணி நேரத்தையும் இலக்காக வைக்க முடியும், அது பரவாயில்லை. ஆனால் தமிழ் நூல்களுக்குப் பக்கக் கணக்கும் ஏமாற்றும். ஒரே நாவல் பழைய பதிப்பில் 180 பக்கம் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிய மறுபதிப்பில் 240ஐத் தாண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும், இரவு ஷிப்டுக்குப் போகிறவருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் பொதுவாக இருப்பது கடிகாரம் ஒன்றுதான்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது வேகம் பார்ப்பது. எடுத்த புத்தகத்தின் தொடக்கத்தில் பார்க்காதீர்கள், அங்கே எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள். 20ஆம் பக்கத்திலிருந்து 10 பக்கம் படித்து நேரத்தைக் குறியுங்கள். 20 நிமிடம் ஆனால் பக்கத்துக்கு 2 நிமிடம். 240 பக்க நாவலுக்கு 480 நிமிடம், அதாவது 12 நாள். மாதம் முழுக்கப் படித்தாலும் அப்படிப்பட்ட நாவல் இரண்டரைதான் முடியும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஆறு புத்தகங்களை அடுக்கி வைக்கிறவர்கள்தான் இரண்டாம் வாரத்தில் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள்.

3 ஏப்ரல், புதன்

பதிவுத்தாளில் ஆறு கட்டம் போதும்: தேதி, தொடங்கிய மணி, முடித்த மணி, நிமிடம், நூல், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை. கடைசியில் ஒரு வரிக் குறிப்புக்கு இடம் விடுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். சுருக்கம் கேட்டால் பின்னட்டையைப் பார்த்து எழுதுவார்கள். "எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன்?" என்று கேட்டால் படித்தவரால் மட்டுமே எழுத முடியும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கல்வி அமைச்சின் நிலாம் வாசிப்புத் திட்டத்துக்குத் தனியாகப் பதிகிறார்கள். அதே வாசிப்பை இங்கேயும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே அமர்வில் 10 நிமிடத்துக்குக் குறைந்தால் எழுத வேண்டாம். இரவில் படுக்கப்போகும்போது மொத்தமாக நினைவிலிருந்து எழுதுவதுதான் பெரிய ஓட்டை. தொடங்கும்போதே மணியை எழுதுங்கள், முடிக்கும்போது மற்றதை நிரப்பலாம். கைப்பேசியில் நேரம் வைத்தால் புலனச் (வாட்ஸ்அப்) செய்தியைப் பார்த்த நிமிடங்களும் அதில் சேர்ந்துவிடும். சுவர்க் கடிகாரமே மேல்.

இரவு ஷிப்டு ஆட்களுக்கு ஒரு விதி. ‘நாள்’ என்பது தூங்கி எழுந்ததிலிருந்து அடுத்த தூக்கம் வரை. நள்ளிரவுக் கணக்கு வைத்தால் ஓய்வு வேளையில் 11.50க்குத் தொடங்கி 12.20 வரை படித்தவருக்கு ஒரே அமர்வு இரண்டு நாளாகப் பிரியும். பாவம், அவர் ஏற்கெனவே பாதித் தூக்கத்தில் இருப்பார்.

6 ஏப்ரல், சனி

கட்டச் சவால் (பிங்கோ) கேட்டவர்களுக்கு: 5க்கு 5 கட்டம், கட்டத்துக்கு ஒரு வகை நூல், நடுக்கட்டம் இலவசம். படுக்கை, நெடுக்கு, மூலை என்று மொத்தம் 12 வரிசை. நடுவழியே போகும் நான்கு வரிசைக்கு நான்கு நூல் போதும், மற்ற எட்டுக்கு ஐந்து. ஒரு மாதத்துக்கு ஒரு வரிசையே அதிகம். 24 கட்டமும் நிரப்புவது ஓராண்டு வேலை. புக் ரயட் தளம் 2015 முதல் நடத்தும் ‘ரீட் ஹார்டர்’ சவாலிலும் ஆண்டுக்கு 24 பணிதான்.

கட்டங்களுக்கு வெளியூர்ப் பட்டியலை அப்படியே எடுத்துப் போடுவதில் அர்த்தமில்லை. பனிக்காலக் கதைக்கு இங்கே யார் எங்கே போவது? இந்த ஊருக்கே சொந்தமாகக் கட்டங்கள் இருக்கின்றன. மலாயா அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கில ஆட்சி அறிவித்தது) ஒன்று: 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதையடுத்துத்தான் அது அறிவிக்கப்பட்டது, 1960 வரை நீடித்தது. சயாம் மரண இரயில் ஒன்று: ஜப்பானியர் போட்டு 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா பாதை, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளமானோர் அங்கேயே மாண்டார்கள். தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது) இன்னொன்று: அதற்கு எதிராகத்தான் இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இவற்றோடு மலாயிலிருந்து மொழிபெயர்த்த நூல், பெண் எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு, நாடகம், குறளில் ஐந்து அதிகாரம், 1957க்கு முன் அச்சானது, சிறுவர் நூல், நூலகத்தில் நெடுநாள் யாரும் எடுக்காத நூல்.

கடினமான கட்டங்களை ஒரே வரிசையில் வைக்காதீர்கள். அந்த வரிசை செத்த வரிசையாகிவிடும். ஒரு நூலுக்கு ஒரு கட்டம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பெண் எழுத்தாளர், அவசரகாலம், மொழிபெயர்ப்பு மூன்றையும் ஒரே நாவலில் அடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

10 ஏப்ரல், புதன்

நோன்புப் பெருநாள். திறந்த இல்ல உபசரிப்புக்குப் போகிற நாளில் பூஜ்யம் எழுதலாம், குற்றமில்லை. விட்டதை மறுநாளே அடைக்கப் பார்த்தால் 80 நிமிடம் ஆகும், அது நடக்காது. மாதத்தில் ஆறு நாள் போனாலும் மீதி 24 நாளுக்கு 50 நிமிடம் வைத்தால் கணக்கு சரியாகிவிடும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம்தான் கூடுகிறது. முதலிலேயே வாரத்துக்கு 280 என்று வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. எழுத்துக்கு ஒரு நூலாக A முதல் Z வரை படிக்கும் ஆங்கில அகரவரிசைச் சவாலைத் தமிழில் நடத்த முடியுமா என்ற பழைய கேள்வி இன்றும் வந்தது. முடியும், விதியை மாற்றினால். உயிர் 12ஐயும் சொல்லுக்கு முதலில் வரும் மெய்களான க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ வரிசைகளையும் சேர்த்தால் 21 இடம். ‘ரயில்’, ‘லயம்’, ‘டாக்டர்’ என்று தொடங்கும் தலைப்புகள் இன்று நிறைய இருப்பதால் ர, ல, ட மூன்றையும் உதிரி இடமாக விடுங்கள்.

சிக்குவது ஔவிலும் ஞவிலும். தலைப்பு அல்லது ஆசிரியர் பெயர், இரண்டில் எதுவும் செல்லும் என்று வைத்தால் ஔவையாரின் ஆத்திசூடி ஔவை நிரப்பிவிடும். 109 அடி, ஒரே அமர்வில் முடியும். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், இயற்பெயரோ புனைபெயரோ அதன் முதலெழுத்துத்தான். இந்தச் சவால் தாளில் பார்க்க அழகு. இரண்டு அலமாரி உள்ள ஊர் நூலகத்துக்கு ஓராண்டுக்குக் குறைந்து வைப்பது கொடுமை.

17 ஏப்ரல், புதன்

பாதி மாதம் தாண்டியது. பிடிக்காத புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த வாரம்தான் தேங்குவார்கள். சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் சொன்ன விதி உதவும்: 50 பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். 50 வயதைத் தாண்டியவர் 100இலிருந்து தம் வயதைக் கழித்துக்கொள்ளலாம். 63 வயதுக்காரருக்கு 37 பக்கம் போதும். நிமிடக் கணக்கில் விட்ட புத்தகத்தின் நேரமும் வீணாகாது. புத்தகக் கணக்கில் அது அத்தனையும் நட்டம்.

புத்தகம் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு மின்னூல் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூல் பல வடிவங்களில் கிடைக்கும். கைப்பேசியில் படிக்க ஈபப் வடிவத்தை எடுங்கள். ஏ4 அளவுப் பிடிஎஃப் எடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடதும் வலதும் இழுக்க வேண்டும், 15 நிமிடத்தில் வெறுத்துவிடும். மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் சில டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும், திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். அதே நூலின் யூனிகோடு வடிவத்தைத் தேடி எடுங்கள். ஒளியைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாருங்கள்.

செயலியில் பதிகிறவர்கள் தேடும் தமிழ் நூல் பல நேரம் அங்கே இருக்காது, அல்லது ரோமன் எழுத்தில் மூன்று விதமாக இருக்கும். ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்துத் தேடுங்கள். 978க்குப் பிறகு 967 அல்லது 983 வந்தால் மலேசியப் பதிப்பு, 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. நம் பழைய தோட்டக் கதை நூல்கள் பலவற்றில் எண்ணே இல்லை. அவற்றைத் தமிழ்த் தலைப்போடு, ஆண்டும் பக்கமும் போட்டு நீங்களே சேர்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒருவர் செய்தால் எல்லாருக்கும் ஆயிற்று.

20 ஏப்ரல், சனி

வாய்விட்டு வாசித்தால் யாருக்கு நிமிடம்? வாசித்தவருக்கும் கேட்டவருக்கும், முழுமையாக. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் ஒருவர் நாளிதழ் படிக்க மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஊர்களில் கேட்டவருக்குப் பாதி என்று சொல்வது நியாயமில்லை. கண் மங்கிய பாட்டிகள் சவாலுக்குள் வருவதும் இந்த வழியில்தான். 15 நிமிடத்துக்கு ஒருவராக மாறுங்கள், அதற்கு மேல் தொண்டை கட்டும். உரையாடல் அதிகமுள்ள சிறுகதை எடுங்கள். நீண்ட வருணனை காதில் நிற்காது. ஒலிநூலுக்குக் கடிகார நேரமே கணக்கு: 60 நிமிட ஒலியை ஒன்றரை வேகத்தில் கேட்டால் 40தான்.

23 ஏப்ரல், செவ்வாய்

உலகப் புத்தக நாள், யுனெஸ்கோ 1995இல் அறிவித்தது. கோலாலம்பூர் 2020க்கான உலகப் புத்தகத் தலைநகரானபோது ஊரே நடமாட்டக் கட்டுப்பாட்டில் அடைந்து கிடந்தது.

பள்ளி வளமையத்துக்கு (நூலகம்) நிதி திரட்டும் யோசனை வந்திருக்கிறது. மணிக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்து, 30 பிள்ளைகள் தலைக்கு 20 மணி நேரம் படித்தால் 600 வெள்ளி. ஆதரவாளரிடம் உச்சவரம்பை எழுதி வாங்குங்கள். "எவ்வளவு படித்தாலும் தருகிறேன்" என்றவர் கடைசியில் தொகையைப் பார்த்துத் திகைப்பார், வசூலிக்கப் போகிறவருக்கும் சங்கடம். முதல் பரிசு மட்டும் வைக்காதீர்கள். அங்கேதான் பொய்க்கணக்கு பிறக்கிறது. இலக்கை எட்டிய எல்லார் பெயரையும் போட்டுக் குலுக்குங்கள்.

26 ஏப்ரல், வெள்ளி

நாளை கோயில் மண்டபத்தில் 24 மணி நேர வாசிப்பு. இந்த வகைக்குப் பேர்போனது ‘டூவி’ என்ற பெயரில் எழுதிய அமெரிக்க வலைப்பதிவர் 2007இல் தொடங்கியது. அவர் 2008இல் மறைந்த பிறகும் மற்றவர்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடத்தினார்கள். உலகம் முழுக்க ஒரே நொடியில் தொடக்கம்: அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் சனி காலை 8, நமக்குச் சனி இரவு 8. அவர்களுக்குப் பகல் முதலில் வருகிறது, நமக்கு இரவு. இதைக் கவனிக்காமல் அவர்களுடைய திட்டத்தை அப்படியே பின்பற்றினால் விடியும் முன்பே படுத்துவிடுவீர்கள். சனி மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வாருங்கள். இரவுக்குப் பெரியவர்கள் மட்டும். பிள்ளைகளுக்குச் சனி 8 முதல் 10.30 வரை, பிறகு ஞாயிறு காலை, அதுவும் பெற்றோர் கையெழுத்தோடு.

ஆளுக்கு நான்கு புத்தகம்: கனமானது ஒன்று, வேகமாக ஓடும் நாவல், சிறுகதைத் தொகுப்பு, படக்கதை. மாதக் கடைசியின் மாலை மழையில் மின்சாரம் போகலாம், சார்ஜ் விளக்குக்கு இன்றே மின்னேற்றி வையுங்கள். மேல் விசிறி பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கும், கிளிப் கொண்டு வாருங்கள்.

27–28 ஏப்ரல், சனி, ஞாயிறு

இரவு 8 முதல் 11 வரை கனமான நூல். இந்த மூன்று மணி நேரத்தை லேசான நாவலில் கழித்தால் கனமானதை அப்புறம் தொடவே முடியாது. 25 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் எழுந்து நடை. புந்தோங் கச்சாங் பூத்தேயை (ஈப்போ புந்தோங்கின் கடலை, முறுக்குக் கலவை) கரண்டியால் எடுத்துச் சாப்பிடுங்கள். எண்ணெய் விரல் பட்ட பக்கத்தை யாராலும் மீட்க முடியாது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விடிந்த பிறகு வரட்டும், நள்ளிரவில் சாப்பிட்டால் கண் சொருகும்.

இரவு 2 முதல் 5 வரைதான் கண்டம். உடல் வெப்பம் இறங்கும் நேரம், ஒரே பத்தியை மூன்று முறை படிப்பீர்கள். அப்போது படக்கதை, அல்லது நின்றுகொண்டே வாய்விட்டு வாசிப்பு. கோப்பி குடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் நன்றாக வேலை செய்யும், ஆகவே 1.30க்கே குடியுங்கள். முடியவில்லையா, 20 நிமிடம் அல்லது 90 நிமிடம் தூங்குங்கள். ஒரு மணி நேரத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து தலை கனக்கும். கொசுவர்த்தியை வாசலுக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைத்தால் புகையில் கண் எரியும்.

பசியாறிய பிறகு பிள்ளைகள் வருவார்கள், மண்டபம் மறுபடி உயிர் பெறும். திங்கள் விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) நிற்க வேண்டியவர்கள் ஞாயிறு நண்பகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 24 மணியில் 12 மணி நேரம் உண்மையாகப் படித்தாலே நல்ல கணக்கு, அதுவே 720 நிமிடம். மாத இலக்கில் பாதிக்கு மேல் இங்கேயே வந்துவிடுவதால், இந்த அமர்விலிருந்து 400 நிமிடம்தான் மாதக் கணக்கில் சேரும் என்று வரம்பு வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் மாதம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஓரிரவில் கரையேறிவிடலாம்.

30 ஏப்ரல், செவ்வாய்

நாளை தொழிலாளர் தினம். பதிவுத்தாள்கள் 2 மே மாலை 6 மணிக்குள் வந்தால் போதும். கூட்டும்போது 5 அல்லது 0இல் மட்டும் முடியும் நிமிடங்கள் நிறைந்த தாளைத் தனியே வைத்து, அந்த ஒரு வரிக் குறிப்புகளைப் பாருங்கள். இரவல் வாங்கிய பழைய நூல்களில் பூஞ்சை வாடை இருந்தால் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். வெயிலில் வைத்தால் தாள் முறுகிப் பசைக்கட்டு பிளக்கும்.

அடுத்த முறை இரவுத் தொடக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு: அதே அமெரிக்கக் குழு ஆண்டின் நடுவில் தலைகீழ் வாசிப்பு என்று ஒன்றும் நடத்தியிருக்கிறது. அங்கே வெள்ளி இரவு 8 மணி, நமக்குச் சனி காலை 8. பகல் முழுக்கப் படித்துவிட்டு இரவை எதிர்கொள்ளலாம். ஜூலையில் மண்டபம் எந்தச் சனிக்கிழமை காலியாக இருக்கிறது என்று கோயில் அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம்.