மணல் சேர்ந்த கரையும் கல் அடுக்கிய கரையும்

விடியும் முன்பே மெரினா கலங்கரை விளக்கத்தடியில் கிளம்பி, நண்பரும் நானும் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நோக்கி வடக்கே சைக்கிள் மிதித்தோம். மே மாதத்துச் சோழகக் காற்று முதுகில் இதமாகத் தள்ளியது. வலப்புறம் மணல்வெளி அவ்வளவு அகலம். அலையோசை கேட்டதே தவிர, நீர் கண்ணில் படவில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை, 1870-களிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்ததால்தான் மெரினா இப்படி அகன்றது.

நேப்பியர் பாலத்தில் கூவத்தைக் கடந்து ராஜாஜி சாலைக்குள் நுழைந்தால், இடப்பக்கம் புனித ஜார்ஜ் கோட்டை, வலப்பக்கம் துறைமுக மதில், கடல் மறைந்துவிடுகிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் தூண்களைச் சற்று நின்று பார்க்காமல் போக மனம் வரவில்லை.

காசிமேட்டில் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்பதால், அவை ஒன்றையொன்று உரசியபடி கட்டிக் கிடந்தன. கரையேற்றிய ஒரு படகின் அடியில் மல்லாந்து படுத்திருந்த தச்சர், பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளியால் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார்; ஒவ்வொரு சாண் முடிந்ததும் விரலால் அழுத்திப் பார்த்த பிறகே அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

நண்பரின் மாமா தம் ஃபைபர் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். "நடுவுல உக்காருங்க தம்பி, முகத்துவாரத்துல தூக்கிப் போடும்" என்றார். அப்படியே தூக்கிப் போட்டது. வெளிக்கடலில் இன்ஜினைத் தணித்ததும், தெற்கே துறைமுகத்தின் பளுதூக்கிகளும் முறைக்காக நங்கூரமிட்டிருந்த கப்பல்களும் தெரிந்தன. கிழக்கு நோக்கியிருந்த பழைய நுழைவாயிலையே மணல் மேடாக்கியதால்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகப் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி வடபுறம் புது வாயில் திறந்தார்.

வடக்கே திரும்பினால் கரை நெடுகக் கருங்கற்கள். வர வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட, இந்தக் கரையை அலை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. "முன்னெல்லாம் அந்தக் கல்லுக்கு இந்தாண்டதான் எங்க வலை காயும்" என்று படகுக்கும் கற்களுக்கும் இடைப்பட்ட நீரைக் காட்டினார் மாமா. மெரினாவின் அகலத்தைப் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொருவரும் அந்த நீரை ஒருமுறை பார்க்க வேண்டும். கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்கிய தூண்டில் வளைவுகளுக்கு இடையில் இப்போது கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. ஆனால் முன்போல எல்லாப் படகுகளையும் இழுத்து வைக்க அது போதாது என்றார் அவர்.