டென்னிஸ் பந்துகளின் குளிர்காலம்: ஜெர்மன் கால்பந்துப் போராட்டம், நாள்வாரியாக

11 டிசம்பர் 2023, திங்கள்

பிராங்க்பர்ட்டில் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஜெர்மனியின் முதல் இரண்டு டிவிஷன்களில் மொத்தம் 36 கிளப்புகள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதாவது 24 வாக்கு. சரியாக 24 விழுந்திருக்கிறது. எதிராக 10, நடுநிலை 2. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும்.

என்ன தீர்மானம்? லீக்கை நடத்தும் டிஎஃப்எல், ஒளிபரப்பு உரிமைகளை ஒரு துணை நிறுவனத்தில் வைத்து, அதன் வருமானத்தில் 8 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு 90 முதல் 100 கோடி யூரோ கைக்கு வரும். இப்போதைய உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தமே சீசனுக்கு ஏறத்தாழ 110 கோடி யூரோ. அதில் 8 சதவீதம் 8.8 கோடி. இருபது ஆண்டுக்குப் பெருக்கினால் 176 கோடி. வெளிநாட்டு உரிமைகளையும் விலையேற்றத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடன் என்று பெயர் சொல்லாமல் வாங்குகிற கடன் இது.

மே மாதம் இதே யோசனை 12.5 சதவீதம் என்று வந்தபோது ஆதரவு 20, எதிர்ப்பு 11, நடுநிலை 5 என்று தோற்றது. ஏழு மாதத்தில் அளவைக் குறைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இனி எல்லோரும் பேசப்போவது ஹனோவர் 96 கிளப்பைப் பற்றி. ஜெர்மனியில் 50+1 என்றொரு விதி உண்டு. கால்பந்து அணியைக் கம்பெனியாக மாற்றி எவ்வளவு பங்கு விற்றாலும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும். ஹனோவரில் பணம் போட்டவர் மார்ட்டின் கிண்ட். அணியை நடத்தும் நிர்வாகக் கம்பெனியின் பொறுப்பும் அவர் கையில்தான். அந்த நிர்வாகக் கம்பெனி நூறு சதவீதம் உறுப்பினர் சங்கத்துக்குச் சொந்தம். 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்று சங்கம் அவருக்கு உத்தரவு கொடுத்திருந்தது. வாக்கெடுப்போ ரகசியம். எப்படி வாக்களித்தார் என்று கிண்ட் சொல்லவில்லை. ஃபிரைபர்க், கொலோன், செயின்ட் பவுலி போன்ற எதிர்ப்பாளர்கள் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். அந்தப் பத்தை எண்ணிப் பார்க்கிற எவருக்கும் ஹனோவரின் வாக்கு எங்கே போனது என்ற சந்தேகம் வராமல் இருக்காது.

17 டிசம்பர் 2023, ஞாயிறு

முதலீட்டாளர் தீர்மானத்தை எதிர்த்து, இந்த வாரம் முழுக்க ஆட்டங்களின் தொடக்கத்தில் ரசிகர்களின் 12 நிமிட மௌனம். பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்று ரசிகர்களைச் சொல்வதால் 12. முரசு இல்லை, கொடி இல்லை, பாட்டு இல்லை. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு உடனே தெரிந்திருக்கும்: பந்தை உதைக்கும் சத்தமும் கோல்கீப்பர் கத்துவதும் தெளிவாகக் கேட்கின்றன, கொரோனா காலத்து ஆட்டங்களைப் போல. வெளிநாட்டுக்கு விற்கிற பொருளில் பாதி இந்த ஸ்டாண்டுகளின் இரைச்சல்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்பதைப் பேனர் இல்லாமலே காட்டிவிட்டார்கள்.

மௌனம் நடத்துவது எளிதல்ல. முரசுக்காரர்களும் ஒலிபெருக்கியோடு நின்று பாட்டைத் தொடங்கிவைப்பவரும் ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதால் கோலுக்குப் பின்னால் இருக்கும் நிற்கும் பகுதி அடங்கிவிடும். பக்கவாட்டு இருக்கைகளில் குடும்பத்தோடு வந்தவர்களுக்குச் செய்தியே போயிருக்காது. வாசலில் துண்டறிக்கை கொடுக்காத இடங்களில் ஐந்தாவது நிமிடத்திலேயே கைதட்டல் தொடங்கிவிடும். 12 நிமிடத்துக்குள் கோல் விழுந்தால் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது.

மௌனம் முடிந்ததும் சில மைதானங்களில் சாக்லேட் நாணயங்கள் பறந்தன. போஹும்–யூனியன் பெர்லின் ஆட்டம் அதனால் நின்றது. தங்க நிறத் தகட்டுக் காகிதம் சுற்றிய, குழந்தைகளுக்கு வாங்கித் தரும் நாணயம். செய்தி அருமை: காசுதான் வேண்டும் என்றால் இதோ எடுத்துக்கொள்ளுங்கள். வீசுபொருளாக மட்டும் அது சுமார்தான். தட்டையாகவும் எடை குறைவாகவும் இருப்பதால் காற்றில் திரும்பி முன் வரிசைக்காரர்கள் தலையிலேயே விழுகிறது. விழுந்த பிறகுதான் அதன் பலன். புல்லுக்குள் பதிந்துவிடும். யாராவது மிதித்தால் சாக்லேட் நொறுங்கி, தகடு கிழிந்து, துண்டு துண்டாகக் குனிந்து பொறுக்க வேண்டிவரும். துடைப்பத்துக்கும் வராது.

28 ஜனவரி 2024, ஞாயிறு

குளிர்கால விடுமுறைக்குப் பிறகு டென்னிஸ் பந்து வந்துவிட்டது. இது புதிதல்ல. 2016 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தில் டிக்கெட் விலையை எதிர்த்து டார்ட்மண்ட் ரசிகர்கள் வீசினார்கள். 2018 பிப்ரவரியில் திங்கட்கிழமை ஆட்டங்களை எதிர்த்து பிராங்க்பர்ட்டில் வீசினார்கள். 2021-22 சீசனிலிருந்து முதல் டிவிஷனான பண்டஸ்லீகாவில் திங்கள் ஆட்டங்கள் இல்லை. ஆகவே இதை வெறும் சேட்டை என்று ஒதுக்குபவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

ஏன் டென்னிஸ் பந்து? விதிப்படி எடை 56 முதல் 59.4 கிராம், விட்டம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. குளிர்கால ஜாக்கெட்டின் பையில் இரண்டு மூன்று அடங்கும். வாசலில் சோதிப்பவர்கள் தேடுவது பாட்டிலையும் பட்டாசையும். டென்னிஸ் கிளப்புகளில் தேய்ந்த பந்துகள் கூடை கூடையாகக் கிடக்கும், விலையும் பெரிதாக இல்லை. பேட்டரி, சில்லறைக் காசு, லைட்டர் மாதிரி மண்டையை உடைக்காது. மஞ்சள் நிறம் பச்சைப் புல்லில் கேமராவுக்குப் பளிச்சென்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது உருளும். ஐம்பது பந்து விழுந்தால் ஐம்பது இடத்துக்குப் போகும். ஓடுகிற ஆட்டக்காரர் ஒன்றை மிதித்தால் கணுக்கால் போய்விடும் என்பதால் ஒரு பந்து மிச்சம் இருந்தாலும் நடுவர் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார்.

வீசும் முறையிலும் விஷயம் இருக்கிறது. கோலுக்குப் பின்னால் பந்து தடுக்கும் வலை உயரமாகக் கட்டியிருக்கும். நேராக எறிந்தால் வலையில் பட்டுக் கீழே போட்டோக்காரர்கள் மேல் விழும். மேல் நோக்கி வளைவாக எறிய வேண்டும். பின் வரிசைகளில் இருப்பவர்கள் எறிவது பெரும்பாலும் வீண், முன்னால் நிற்பவர்கள் முதுகில்தான் விழும். ஆகவே பந்துகளை முன்வரிசைகளுக்குக் கடத்திவிடுவார்கள். நேரம்: உண்மையான பந்து ஆட்டத்துக்கு வெளியே போயிருக்கும்போது. த்ரோ-இன், கோல் கிக் நேரத்தில் வீசினால் யாருடைய வாய்ப்பும் பறிபோகாது, மற்ற ரசிகர்களின் கோபமும் குறையும். ஆட்டம் ஓடும்போது வீசி நடுவர் நிறுத்தினால் டிராப் பால், அதாவது நடுவரே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவார். பெனால்டி பகுதிக்குள் நின்றுபோன ஆட்டம் என்றால் பந்து தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்குப் போய்விடும். தாக்குதலில் இருந்த உங்கள் அணியின் வாய்ப்பை நீங்களே கெடுத்ததாக ஆகும்.

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

நேற்று இரவு பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஹெர்த்தாவும் ஹாம்பர்க்கும் ஆடியதில் 32 நிமிடம் ஆட்டம் நின்றது. ஹாம்பர்க் 2-1 என்று வென்றது, அது இன்று யாருக்கும் நினைவில்லை.

அந்த மைதானத்தில் ஸ்டாண்டுக்கும் புல்லுக்கும் நடுவே நீல நிற ஓடுதளம் இருக்கிறது. சாக்லேட் நாணயம் அதைத் தாண்டவே தாண்டாது. டென்னிஸ் பந்துக்கோ அந்தக் கடினமான தளம் ஒரு உதவி. பட்டு எகிறிப் புல்வெளிக்குப் போய்விடுகிறது. பணியாளர்கள் வாளியோடு ஓடிப் பொறுக்குவதும், முடித்து ஓரம் போனதும் அடுத்த அலை வருவதுமாக நேரம் போகும். எல்லாப் பந்தையும் ஒரே மூச்சில் எறிந்துவிட்டால் ஐந்தே நிமிடத்தில் சுத்தம் செய்துவிடுவார்கள். பிரித்துப் பிரித்து எறிவதுதான் கணக்கு.

நடுவரின் படிநிலையைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கணக்கு முழுதாகத் தெரியும். முதல் படி, ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. இரண்டாவது, இரு அணிகளும் ஓய்வறைக்குப் போவது. மூன்றாவது, ஆட்டம் கைவிடப்படுவது. மூன்றாவது படிக்குப் போனால் விவகாரம் விளையாட்டு நீதிமன்றத்துக்குப் போகும். பொறுப்பான கிளப் 0-2 என்று தோற்றதாக அறிவிக்கப்படலாம். ஆகவே இரண்டாவது படியின் விளிம்பு வரை தள்ளிவிட்டு நிறுத்த வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கும் ஸ்டாண்டில் 'போதும்' என்று சொன்னால் கேட்கிற ஒழுங்கு இருந்தால்தான் இது முடியும். மது தலைக்கேறிய ஒருவர் பையில் இன்னும் ஒரு பந்து வைத்திருந்தாலே எல்லாம் பாழ்.

சனி இரவு 8.30 ஆட்டம் என்பதும் தற்செயல் அல்ல. ஒளிபரப்பு அட்டவணை இறுக்கமானது. சனி மதியம் 3.30க்குப் பல ஆட்டங்கள் ஒன்றாக, 6.30க்குப் பெரிய ஆட்டம், 8.30க்கு இரண்டாம் டிவிஷன். 3.30 ஆட்டம் அரை மணி நேரம் நீண்டால் 6.30 ஆட்டத்துக்கான முன்னோட்டம், விளம்பரம் எல்லாம் நசுங்கிவிடும். முதலீட்டாளர் வாங்கப்போவது இந்த அட்டவணையைத்தான். ரசிகர்கள் கை வைத்திருப்பதும் அதன் மேல்தான். இதுவரை பார்த்த போராட்டங்களில் இவ்வளவு சரியான இடத்தில் அடித்த போராட்டம் குறைவு.

10 பிப்ரவரி 2024, சனி

நேற்று ஹாம்பர்க்–ஹனோவர். வெளியூரிலிருந்து வந்த ஹனோவர் ரசிகர்கள் பக்கம் கிண்ட்டின் முகம் துப்பாக்கிக் குறி வட்டத்துக்குள் இருக்கும்படி ஒரு பேனர். நடுவர் அணிகளை உள்ளே அனுப்பினார், கைவிடப்படும் எல்லைக்குப் போய்த்தான் ஆட்டம் மீண்டது. ஹனோவர் 4-3 என்று வென்றது.

இதை ஆதரிக்க முடியாது. 2020 பிப்ரவரியில் ஹோஃபன்ஹைம் கிளப்பில் பணம் போட்ட டீட்மார் ஹோப் மீதான வசைப் பேனர்களால், அந்த அணி பாயர்ன் மியூனிக்குடன் ஆடிய ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இரு அணிகளும் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டு நின்றன. அப்போது விவாதம் முழுக்கப் பேனரைப் பற்றியே போனது, ரசிகர்கள் கேட்ட கேள்வி காணாமல் போனது. 'மறுபடி வெளிப்படையாக வாக்கெடுங்கள்' என்ற இன்றைய கோரிக்கைக்கு எந்த நிர்வாகியிடமும் நேர்மையான மறுப்பு இல்லை. குறி வட்டம் அவர்களுக்குப் பேச ஒரு பொருளைக் கொடுக்கிறது.

இன்று யூனியன்–வோல்ஃப்ஸ்பர்க் ஆட்டமும் நீண்ட நேரம் நின்றது. கோல் கம்பத்தில் சைக்கிள் பூட்டு மாட்டியதும் இந்தக் குளிர்காலத்தில் நடந்திருக்கிறது. பூட்டை அறுக்கக் கருவி கொண்டுவர வேண்டும், அதுவரை ஆட்டம் இல்லை. ஆனால் அதற்கு ஒருவர் புல்வெளிக்குள் இறங்கியாக வேண்டும். அத்துமீறல் வழக்கும் நாடு முழுவதற்குமான மைதானத் தடையும் அவர் தலையில் விழும். பந்து எறிந்த கூட்டத்தில் ஆளைப் பிரித்தெடுப்பது கடினம். அபராதம் கிளப்புக்கு வரும், அது உறுப்பினர்களின் காசுதான். அதைத் தெரிந்தே செய்கிறார்கள்.

15 பிப்ரவரி 2024, வியாழன்

முதலீடு செய்யப் போட்டியிட்ட கடைசி இரண்டு நிறுவனங்களில் ஒன்றான பிளாக்ஸ்டோன் விலகிவிட்டது. இனி சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் மட்டும்தான். ஒரே ஆள் நிற்கும் ஏலத்தில் விலை ஏறாது. மறுவாக்கெடுப்பு வேண்டும் என்று கிளப் தலைவர்களே பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

18 பிப்ரவரி 2024, ஞாயிறு

இந்த வாரம் ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்கள் புகைக் குப்பியோடு புல்வெளியில் சுற்றின. படம் உலகம் முழுக்கப் போய்விட்டது. வேலை என்று பார்த்தால் பந்துக்கு ஈடாகாது: ஒரு கார், ஒரு பணியாளர் துரத்திப் பிடித்துவிட்டால் முடிந்தது. போஹும்–பாயர்ன் ஆட்டத்தில் பழையபடி பந்துகள்.

21 பிப்ரவரி 2024, புதன்

டிஎஃப்எல் பின்வாங்கிவிட்டது. தலைமைக் குழு ஒருமனதாக முடிவெடுத்து, முதலீட்டாளர் பேச்சுவார்த்தையை நிறுத்துவதாக அதன் சார்பில் ஹான்ஸ்-யோஆக்கிம் வாட்ஸ்கே அறிவித்தார். டிசம்பர் 11இலிருந்து எண்ணினால் பத்து வாரம்.

2021 மே 2 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்து லிவர்பூல் ஆட்டத்தையே தள்ளிவைக்க வைத்தார்கள். வீரத்தில் அவர்கள் ஒரு துளியும் குறைந்தவர்கள் அல்ல. 2005இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப் தலையிலேயே கட்டிய கிளேசர் குடும்பத்திடம்தான் இன்றும் கிளப்பின் பெரும்பான்மைப் பங்கு இருக்கிறது. அங்கே ரசிகர் கையில் வாக்கு இல்லை. இங்கே பெரும்பாலான கிளப் தலைவர்கள் அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். மைதானத்தில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பொதுக்குழுவுக்கான முன்னறிவிப்பாக அவர்களுக்குக் கேட்டிருக்கும். பந்து மட்டும் இருந்து 50+1 இல்லாமல் போயிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூலை 2024, மூன்றாம் வாரம்

கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஹனோவர் வழக்கில் தீர்ப்பு சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் உறுப்பினர் சங்கம் கிண்ட்டை நிர்வாகப் பொறுப்பிலிருந்து நீக்கியது செல்லும். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவர் பக்கம் சொல்லியிருந்தன, அந்தத் தீர்ப்புகள் ரத்து. அப்படியானால் டிசம்பரில் வாக்குச் சீட்டைப் பிடித்தவரைச் சங்கம் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே சட்டப்படி வெளியே அனுப்பியிருந்தது.

50+1 விதி வணிகப் போட்டிச் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று கூட்டாட்சி கார்ட்டல் அலுவலகம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. விதியில் லெவர்குசனுக்கும் வோல்ஃப்ஸ்பர்க்குக்கும் கொடுத்த விலக்கும் அந்த ஆய்வில் இருக்கிறது. அடுத்த சண்டை அங்கேதான். அதற்கு டென்னிஸ் பந்து போதாது, வழக்கறிஞர் வேண்டும்.