தண்ணீர் ஊற்றியே கொன்ற முதல் பெட்டி

நத்தை வளர்க்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அது எங்கே ஓடிவிடப் போகிறது, நாலு இலையைப் போட்டால் சும்மா வளரும். நானும் நம்பினேன். ஓடவும் செய்யும், சும்மாவும் வளராது.

நான் எடுத்தது சாப்பிடுவதற்கென்றே பண்ணைகளில் வளர்க்கிற தோட்டத்து நத்தை, ஹெலிக்ஸ் அஸ்பெர்சா. ஆப்பிரிக்க ராட்சத நத்தையில் கறி அதிகம், பெருக்கமும் வேகம். ஆனால் அது தப்பித்தால் சுற்றுவட்டாரப் பயிரையெல்லாம் மேய்ந்துவிடும், சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. எந்த இனமாக இருந்தாலும் வாங்கும் முன் உங்கள் பகுதி விவசாயத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் பெட்டியில் 40 தாய் நத்தைகள். நத்தை என்றால் ஈரம் என்று நினைத்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. ஒரு ஓட்டைத் தூக்கினால் உள்ளே இருந்தது கூழாக வழிந்தது. 17தான் பிழைத்தன.

அப்புறம்தான் புரிந்தது, நத்தைக்குக் காற்றில்தான் ஈரம் வேண்டும், காலடியில் சேறு கூடாது. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நன்றாக மேயும். 30 டிகிரியைத் தாண்டினால் ஓட்டின் வாயில் மெல்லிய சவ்வு போட்டு மூடிக்கொண்டு சுவரில் ஒட்டிவிடும். குளிர் அதிகமானாலும் அதே தூக்கம்தான், அந்த நாளெல்லாம் வளர்ச்சி கிடையாது. இப்போது நான் செய்வது, பொழுது சாயும் நேரத்தில் ஸ்பிரேயரால் பனி மாதிரி ஒரு தெளிப்பு, அவ்வளவுதான். மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பேன்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது.

மிச்சமிருந்த 17-ல் சீக்கிரமே ஜோடி சேர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் என்பதால் சேர்ந்த இரண்டுமே முட்டையிடும். அதில் ஒன்று தலையை மண்ணுக்குள் புதைத்துக் குழி தோண்டி, ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்து இட்டது. முதலில் இதுவும் செத்துவிட்டதோ என்று பயந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், அப்படித் தொந்தரவு செய்யக் கூடாதாம். ஒரு குழியில் கிட்டத்தட்ட 100 முட்டை, வெள்ளை முத்து மாதிரி. அவற்றை மண்ணோடு சேர்த்து கரண்டியால் அள்ளித் தனி டப்பாவில் வைத்தேன். மூன்று வாரத்தில் பொரிந்தன. குஞ்சுகளின் ஓடு கண்ணாடி போல இருந்தது, உள்ளே துடிப்பதுகூடத் தெரிந்தது. அவை முதலில் தின்றது தங்கள் முட்டை ஓட்டைத்தான். காரணம் சுண்ணாம்புச் சத்து. இது குறைந்தால் ஓடு காகிதமாகிவிடும், பக்கத்து நத்தையின் ஓட்டையே சுரண்ட ஆரம்பிக்கும். சுண்ணாம்புக்கல் தூளைத் தீவனத்தோடு கலந்தும் கொடுக்கிறேன், தனியாக ஒரு தட்டிலும் வைக்கிறேன்.

குஞ்சு நிறைய என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் விட்டது அடுத்த தப்பு. இரண்டு மாதமாகியும் பட்டாணி அளவைத் தாண்டவில்லை. தீவனத்தில் குறையில்லை, இடம்தான் சிக்கல்: நெருக்கம் கூடினால் சளியும் கழிவும் சேர்ந்து வளர்ச்சியே நின்றுவிடும். நாலு பெட்டியாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சுவரையும் மூடியையும் துடைக்கத் தொடங்கியதும் மளமளவென்று வளர்ந்தன. இதில் உண்மையான வேலை இந்தத் துடைப்புதான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தப்பிப்பதைப் பற்றி ஒன்று. மூடியில் விரல்கூட நுழையாத இடைவெளி இருந்தது. காலையில் கூரையில் ஆறு பேர். மேல் விளிம்பைச் சுற்றிச் செம்புப் பட்டை ஒட்டிய பிறகு பெரும்பாலும் நின்றது. உப்பு தூவச் சொன்னவர்கள் உண்டு, செய்துவிடாதீர்கள், நத்தை சுருங்கிச் செத்துப்போகும்.

ஓட்டின் வாய் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து கெட்டியானால் அறுவடைக்குத் தயார். எனக்கு முதல் தொகுதி அந்த நிலைக்கு வர எட்டு மாதம் ஆனது. பிறகு வலைப்பையில் போட்டு ஒரு வாரம் பட்டினி, தினமும் கழுவல், குடல் காலியாகத்தான். கொதிநீரில் சில நிமிடம் போட்டு, ஊசியால் கறியைச் சுழற்றி இழுத்து, பின்சுருளில் இருக்கும் கருத்த பாகத்தை நறுக்கி எறிந்து, வினிகர் விட்டுச் சளி போகக் கழுவி, மெதுவான தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தேன். அரைவேக்காடு வேண்டவே வேண்டாம், நத்தையில் மூளையைத் தாக்கும் புழு இருக்கலாம். தூசுப்பூச்சி ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்களும் நத்தைக் கறியிலிருந்து தள்ளியிருப்பது நல்லது.

சத்தைப் பார்த்தால் 100 கிராம் கறியில் புரதம் 16 கிராம், கொழுப்பு 2 கிராமுக்கும் கீழே, இரும்பும் மெக்னீசியமும் தாராளம். காய்கறிக் கழிவிலேயே பாதித் தீவனம் முடிந்துவிடுகிறது, இடமும் தண்ணீரும் கொஞ்சம்தான். ஆனால் கோஸின் வெளி இலையை நன்றாகக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் பூச்சிமருந்து நத்தைக்கும் போகும், உங்களுக்கும் வரும். ஓடும் குடலும் போனால் எடையில் பாதிகூடக் கறி தேறாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது இரண்டாவது தலைமுறை ஓடுகிறது. இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டிப் பக்கம் நின்றால் கேரட்டைச் சுரண்டும் கரகர சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் குறைந்தால் மறுநாள் முதல் வேலையாக மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கிறேன்.