தம்பி, கேஸ் அடிச்சு விடுங்க
மட்டக்களப்பில் கடலோரக் கல்லடிப் பக்கம் ஏசி குளிரவில்லை என்று வேலைக்குப் போனால் முதல் வார்த்தையே இதுதான். கேஸ் என்பது ஏசிக்குள் சுற்றிவரும் குளிரூட்டும் வாயு; அது என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? குறைந்தால் எங்கோ லீக். முதலில் செம்புக் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டைப் பாருங்கள், சுற்றிவர எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் அநேகமாக அங்கேதான். இல்லையென்றால் நைட்ரஜன் அடித்துச் சோப்பு நுரை வைத்துத் தேட வேண்டும். லீக்கை அடைத்த அப்புறம் வெக்கியூம் பம்ப் போட்டு, உள்ளே அழுத்தத்தை 500 மைக்ரோனுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரும். அதற்குப் பிறகுதான் கேஸ், அதுவும் தராசில் எடை பார்த்து. ஆர்410ஏ வகைக் கேஸ் என்றால் திரவமாகவே ஏற்ற வேண்டும்.

சில வீட்டில் கேஸ் சரியாகவே இருக்கும். கடல் உப்பில் அவுட்டோர் கொயிலின் அலுமினியத் தகடு தொட்டாலே உதிரும், வெப்பம் எப்படி வெளியேறும்? அதற்கும் கேஸ் அடித்தால் பிரஷர் ஏறி கம்பிரசருக்குத்தான் கேடு.